உன் படத்தின் கீழே என் பெயர்

என் அருமை மச்சான் தவம்,

நல்ல கோபத்தில் இருக்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன்னுடைய ஆண்டுத் திவசம் முடிந்து மறுநாள் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய், உன்னை நினைத்துக் கும்பிட்டுவிட்டு, ரயிலில் அமைதியாகத்தான் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தால் தரையில் ஒரு பெரிய தபாலுறை கிடந்தது. அன்றைக்குப் போன அமைதி இன்னும் திரும்பி வரவில்லை.

வால்தம்ஸ்டோவில் நாங்கள் விளையாடிய மண்டபத்தை இடிக்கப் போகிறார்கள். கார் நிறுத்த இடம் வேண்டுமாம். இடிக்க முன்னர் கடைசியாக ஒரு ஆட்டம் வைக்கிறார்கள். எங்கள் பழைய நீலச்சட்டைக் கழகத்துக்கும் சவுத்தாலின் சிவப்புச்சட்டைக் கழகத்துக்கும் இடையில். அதற்கு அச்சடித்த புத்தகத்தைத்தான் அனுப்பியிருந்தார்கள். நடுப்பக்கத்தில் ஒரு தலைப்பு: இரண்டு சட்டையும் போட்டவர்கள். சம்பளம் வாங்கி இரண்டு கழகத்துக்கும் கூடைப்பந்து விளையாடியவர்களின் படங்கள், வரிசையாக.

அந்த வரிசையில் நீ நிற்கிறாய். நிற்கிறாய் என்ன, பறக்கிறாய். நீலச் சட்டை, இடது கையில் பந்து, வாயைக் கொஞ்சம் கோணி வைத்திருக்கிறாய், வழக்கம்போல. உன் காலுக்குக் கீழே அச்சில் கிடக்கிறது என் பெயர்.

படம் எடுத்தது அந்தப் பழைய ஆட்டத்தின் இரவில்தான். நீ இருபத்தேழு புள்ளி எடுத்த இரவு. "குகன், இருபத்தேழு புள்ளிகள்" என்று எழுதியிருக்கிறார்கள். முதல் பந்தை மேலே எறிந்து ஆட்டத்தைத் தொடக்கிவைக்க என்னை விசேட விருந்தாளியாகவும் அழைத்திருக்கிறார்கள். எப்படி இருக்கிறது கதை?

இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் வாசிக்கப் போகிறார்கள், மச்சான். அதனால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். அந்த நாளில் ஒரு அணிக்கு இரண்டு வெளிநாட்டுக்காரர் மட்டும்தான் என்று விதி. இரண்டு இடத்தையும் இரண்டு நெடிய அமெரிக்கர்கள் பிடித்துக்கொண்டார்கள். நான் முன்னமே படிக்க வந்து பிரித்தானியப் பிரஜையாகிவிட்டவன். நீ எண்பத்துமூன்று இனக்கலவரத்துக்குப் பிறகு ஊரைவிட்டு ஓடி வந்து, அகதிக் கடிதத்துக்காகத் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தவன். ஆகவே ஆட்டத்தில் இறங்க அனுமதிக்கும் விளையாட்டு அட்டை எனக்குக் கிடைத்தது. உனக்குப் பயிற்சி மட்டும்தான். பயிற்சியில் என்னைக் கண்ணில் விரல் விட்டு ஆட்டினாய் என்பது வேறு கதை.

பிறகு என் முழங்கால் போனது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கிடந்தேன். மனேஜர் கட்டிலடிக்கு வந்து காலைப் பார்க்கவில்லை, அட்டையைத்தான் கேட்டான். "உன் நண்பன் வரட்டும். உங்களில் ஒருவர் வந்தால் எனக்குப் போதும்" என்றான். அந்த அட்டையோடு நீ என் பெயரில் இறங்கினாய். நீ என்னைவிட நாலு விரற்கடை உயரம். நீ இடதுகை, நான் வலதுகை. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது மீசையும் நிறமும் மட்டும்தான். ஒரு நடுவராவது அட்டையையும் முகத்தையும் சேர்த்துப் பார்த்தானா? ஒருவனுக்காவது சந்தேகம் வந்ததா? வராது. அவர்களுடைய கண்ணுக்கு நாங்கள் இரண்டு பேர் இல்லை.

அதற்குப் பிறகு சவுத்தால்காரர் என்னைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். என்னையா கேட்டார்கள்? இருபத்தேழு புள்ளிக்காரனைக் கேட்டார்கள்! இரண்டு பேரும் போனோம், ஒரே அட்டையோடு. முழங்கால் இடம் தந்த நாளில் நான் விளையாடினேன், மற்ற நாளெல்லாம் நீ. அங்கேயும் மனேஜருக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதில் அந்த இரண்டு கழகத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

உன்மேலும் கோபம்தான், தவம். நீ ஏன் ஒரு நாளாவது சண்டை பிடிக்கவில்லை? பஸ்ஸில் வரும்போது நான் கேட்டேன், நினைவிருக்கிறதா? "பேப்பரில ஆற்ற பேர் இருந்தா என்ன மச்சான், பந்து உள்ள போச்சுதோ இல்லையோ?" என்று சிரித்தாய். உனக்குச் சிரிப்பு. உன்னுடைய பிரஜாவுரிமைப் பத்திரம் ஒருவழியாக வந்து சேர்ந்தபோது உனக்கு முப்பத்தைந்து வயது. அந்த வயதில் யார் அட்டை தருவான்? குடோனில் ஷிப்டுக்குப் போனாய். அங்கேயே ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய்.

ஆனால் எல்லாரையும்விட எனக்கு என்மேல்தான் ஆத்திரம். உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். கலியாண வீடுகளில் யாராவது வந்து, "அண்ணை, நீங்கள்தானே அந்த இருபத்தேழு புள்ளி?" என்று கேட்டால் நான் மறுத்ததில்லை. முதலில் சும்மா தலையாட்டினேன். பிறகு கதையாகவே சொல்லத் தொடங்கினேன். என் மாமனார் வீட்டில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! கடைசி நிமிடத்தில் இரண்டு பேரை எப்படி வெட்டிப் போனேன், பந்து வளையத்தில் எப்படிச் சுற்றி விழுந்தது என்றெல்லாம். நான் அந்த ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை, மச்சான். மறுநாள் நீ ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டில் விளிம்பில் இருந்து, எனக்கு வாங்கி வந்த தோடம்பழத்தைப் பந்துபோலக் கையில் வைத்து ஆடிக் காட்டினாயே, அதைத்தான் பார்த்தேன்.

புத்தகம் வந்த அன்றே நீலச்சட்டைக் கழகத்துச் செயலாளருக்கு ரெலிபோன் எடுத்தேன். புது ஆள், பழசு ஒன்றும் தெரியாது. படத்தில் இருப்பது நான் இல்லை என்றேன். "அடடா, மன்னியுங்கள். உங்கள் படம் ஒன்றை அனுப்புங்கள். ஆட்டம் முடிய அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சவுத்தால் மண்டபத்தில் மாட்டப்போகிறோம், அதற்குள் மாற்றிவிடலாம்" என்றார். எவ்வளவு இலகு! மிஞ்சியிருப்பது உன் முகம் ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டால் பிழை திருந்திவிடும் அவர்களுக்கு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மேலே போய்ப் பெட்டியைத் திறந்து என் படம் தேடினேன். சத்தியமாகத் தேடினேன். சிவப்புச் சட்டையோடு, முழங்காலில் பட்டி சுற்றி, ஓரத்து வாங்குப் பலகையில் இருக்கிற படம் ஒன்று கிடைத்தது. உறைக்குள்ளும் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வசந்தி வந்தாள். என் தங்கையை, உன் மனைவியை, உனக்குத் தெரியும், சும்மா சத்தம் போடமாட்டாள். சுபாவும் கூட வந்தாள். உன் மகளுக்கு எட்டு வயதாகிவிட்டது, முன்பல் இரண்டும் முளைத்துவிட்டன, எழுதுவது உன்னைப்போல இடது கையால். மேசையில் கிடந்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு வந்தவள் நடுப்பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"மாமா, இது அப்பா. ஏன் உங்கட பேர் போட்டிருக்கு?"

நான் வாயைத் திறக்க முன்னம் அடுத்த கேள்வி. "அப்ப அப்பா உண்மையா விளையாடேல்லையா? பள்ளிக்கூடத்தில நான் சொன்னது பொய்யா?"

வசந்தி புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த உறையையும் பிரித்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் உனக்கு எழுத ஏலாது.

"அண்ணை, அவர் உயிரோட இருக்கேக்கை உங்கட பேரைத் தூக்கிக்கொண்டு ஓடினவர். செத்தாப் பிறகு அவற்ற முகத்தையும் எடுக்கப் போறீங்களோ?"

நான் சொன்னேன், "இல்லை வசந்தி, அவங்கள்தான் கேட்டவங்கள்..."

"ஓம், அவங்கள் அட்டையையும் கேட்டவங்கள். நீங்கள் குடுத்தனீங்கள்."

அவர்கள் போனதும் உறையைக் கிழித்துப் போட்டேன். திங்கட்கிழமை திரும்பவும் ரெலிபோன் எடுத்து, அட்டை விசயம் முழுவதையும் ஒளிக்காமல் சொன்னேன். படம் இருக்கட்டும், பெயரை மாற்றுங்கள் என்றேன். செயலாளரின் குரல் சட்டென்று இறுகியது. "பதிவில் இல்லாத ஒருவரின் பெயரை நாங்கள் போட முடியாது. இதை நீங்கள் பெரிதாக்காமல் இருப்பது எல்லாருக்கும் நல்லது" என்றார். பதிவில் இல்லையாம்! உன்னைப் பதிவில் ஏறவிடாமல் வைத்துக்கொண்டு, உன் காலையும் கையையும் வைத்து ஆட்டம் வென்று, டிக்கெற் விற்றவர்கள், இப்போது பதிவைக் காட்டுகிறார்கள். வெட்கம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா?

சனிக்கிழமை ஆட்டம். வரமாட்டேன் என்று நான் சொல்லவில்லை, ஆகவே என்னைக் கூப்பிடுவார்கள். முன்வரிசையில் என் மனைவியும் மாமனாரும் மச்சினன்மாரும் இருப்பார்கள். எல்லாரும் அந்த இருபத்தேழு புள்ளிக் கதையை என் வாயால் கேட்டவர்கள். என் மனைவிக்கு நேற்றுத்தான் உண்மையைச் சொன்னேன். "அப்பாவுக்கு நீங்களே சொல்லுங்கோ, நான் சொல்லமாட்டன்" என்றாள். சொல்லத்தான் போகிறேன். அவருக்குத் தனியாக இல்லை.

பயம் இருக்கிறது, மச்சான். ஊர்ச்சனம் சிரிக்கும். பொய்க்காரன் என்று சொல்லும். சொல்லட்டும், பொய்க்காரன்தானே.

இதோ உனக்கு என் வாக்கு. அவர்கள் என் பெயரைக் கூப்பிடும்போது எழும்பிப் போவேன், சுபாவின் கையைப் பிடித்துக்கொண்டு. ஒலிவாங்கியை வாங்கி முதலில் உன் முழுப்பெயரைச் சொல்வேன், பிறகு இடதுகையில் பந்தோடு பறப்பது யார் என்று சொல்வேன். பந்தை உன் மகள் எறிவாள். அதற்குப் பிறகு அந்தக் கண்ணாடிச் சட்டத்தில் உன் பெயரை எழுதச் சொல்லிக் கேட்பேன். எழுதமாட்டார்கள் என்றால், என் பெயரை அங்கேயே நின்று வெட்டுவித்துவிட்டுத்தான் வெளியே வருவேன். உன் படத்தின் கீழே வெறுமையாகக் கிடந்தாலும் கிடக்கட்டும், தவம். பார்க்கிறவன் யார் இது என்று கேட்பானே. இவ்வளவு காலமும் அதைக்கூட ஒருவனையும் கேட்கவிடாமல் நான் அல்லவா அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

வசந்தியின் அண்ணன்,
உன் மச்சான்,
குகன்