நெல் தராசில் ஏறியது

பிரகதீஸ்வரி,

மூட்டைகளோடு கொள்முதல் நிலையத்துக்குப் போகிறேன். சாவி அரிசி டின் மேல் இருக்கிறது.

நேற்று நீ நெல் தராசில் ஏறியதும், "காலேஜ் ஹாஸ்டல்ல ஒரே வருஷத்துல ஏழு கிலோ விளைச்சல்!" என்று ஆட்கள் முன்னால் கத்தியது என் தப்பு. அதற்காகப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடப்பாயா?

காலையில் அதே ஆட்கள் முன்னால் நானும் ஏறினேன். தொண்ணூற்றொன்று. கைதட்டினார்கள்.

எட்டு இட்லி மூடி வைத்திருக்கிறேன், சாப்பிடு. சாயங்காலம் இரண்டு பேரும் வாய்க்கால் கரையில் நடப்போம்.

அப்பா

இட்லி ஆறுதான். எழுதும்போதே இரண்டு போய்விட்டது.

இன்னொன்று: நெல்லுக்குச் சாக்கு, ஈரம் என்று கழிப்பதுபோல், என் எடையில் வேட்டிக்கும் வியர்வைக்கும் மூன்று கிலோ கழித்துத்தான் சொன்னேன். உனக்கு ஒரு கிராம்கூடக் கழிக்காமல் கத்திவிட்டேன்.