இடது கையில் நான்கு பொட்டுகள்

ஜூன் 3, 1996
விடிந்ததிலிருந்து சாரல். குடைக் கம்பி ஒன்று ஒடிந்தது. மறக்காமல் சரிசெய்ய வேண்டும்.

சோதனையின் 43ஆம் நாள். இடது முன்கையில் நான்கு ஸ்டிக்கர் பொட்டுகள், நான்கு கம்பெனி. எல்லாம் களியக்காவிளைச் சந்தையில் வாங்கியவை. காலை ஏழுக்கு ஒட்டுகிறேன், மாலை ஏழுக்கு எடுக்கிறேன்.
1 - மாற்றமில்லை.
2 - அதுவே.
3 - சிவப்பு, அரிப்பு.
4 - மதியத்துக்குள் கழன்று சட்டையில்.

சரோஜம்: "இந்த வயசுல பொட்டு கேக்குதாக்கும் ஒங்களுக்கு! பெண்டாட்டி நான் இருக்கேன், எனக்கு ஒட்டப்படாதா?" முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு சுதாவின் நெற்றியைப் பார்த்த பிறகு தொடங்கியது இது. புருவங்களின் நடுவே வெள்ளை வட்டம், சரியாகப் பொட்டின் அளவில். நோய்க்குக் காம்பஸ் வைத்து வரையத் தெரியுமா? மாப்பிள்ளையின் அம்மா வெண்குஷ்டம் என்று சொல்லி, வெள்ளறடையில் நிச்சயித்த கல்யாணம் நின்று கிடக்கிறது.

முப்பது வருடம் வேதியியல் நடத்தினேன். அந்தப் பசையில் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. பாக்கெட்டில் விலையும் ஒரு நடிகையின் படமும் மட்டும்.

ஜூன் 6
வெயில். அரசுக்கு எழுதிய மனுவை எடுத்துக்கொண்டு திருவனந்தபுரம் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் போனேன். கேட்பவை இரண்டே: பசையில் உள்ளதைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும், தோலைக் கெடுப்பதை விற்கத் தடை வேண்டும். மருந்துக்குச் சட்டம் உண்டு. நாள் முழுக்க நெற்றியில் இருப்பதற்கு?

கிளார்க்: "சாரே, சாதனம் வாங்ஙியது தமிழ்நாட்டிலல்லே? நாகர்கோவிலில் கொடுக்கூ."
நாகர்கோவிலில் போன மாதம் சொன்னது: "நீங்க கேரளாக்காரர். அங்க குடுங்க."
எல்லையில் பொட்டுக்குச் செக்போஸ்ட் இல்லை. மனுவுக்கு உண்டு.

திரும்பும் வழியில், கேரளத்திலேயே வாங்கியதற்குச் சான்றாக, பாறசாலைக் கடையில் அதே நான்கையும் வாங்கிப் பில் கேட்டேன். கடைக்காரர்: "பொட்டுக்கு பில்லா சாரே? கல்யாணத்துக்கா, கேசுக்கா?"
இரண்டுக்கும் என்று சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் ஏறிய பிறகே தோன்றியது.

ஜூன் 9
3இன் அடியில் சிவப்பு போய் வெளுப்பு. லென்ஸில் மூன்று முறை பார்த்தேன். மகிழ்ச்சி. உடனே வெட்கம்.

சுதா ஒட்டுவது எந்தக் கம்பெனி என்று இதுவரை கேட்கவில்லை. தெரிந்தால் கண் ஏமாற்றும். இன்று கேட்டேன். பாக்கெட்டைக் கொண்டுவந்தாள். 3.

"அப்ப இது ஒட்டுவாரொட்டி இல்லேல்லா சாரே?"
"இல்லை. தோல் டாக்டரிடமும் காட்டு."
"வெள்ளறடைக்கு வந்து ஒருக்கா சொல்லுவியளா?"
ஒரே கை, கிழட்டுத் தோல். நிரூபணமா இது? வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 11
மழை. சுதாவின் அப்பாவோடு வெள்ளறடை பஸ். மனப்பாடம் செய்தது அத்தனையும் மாப்பிள்ளை வீட்டு வாசலிலேயே மறந்தது. சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினேன். மாப்பிள்ளை சிரித்தான்.

"எலே, சிரிக்காத," என்றார் அவன் அம்மா. என் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். "இது பொட்டாலயாக்கும்?"
"அப்படித்தான் நினைக்கிறேன்."
"நெனைக்கியளா, தெரியுமா?"
"பசையில் என்ன இருக்கிறதென்று தெரியாது. பாக்கெட்டில் எழுதவில்லை. எழுத வைக்கத்தான் இந்த மனு." பையிலிருந்து எடுத்து நீட்டினேன்; கையெழுத்துக்கு விட்ட வரிகள் இன்னும் காலி.

அவர் பின்னால் சுவர்க் கண்ணாடி. அதன் ஓரம் முழுக்க, மறுநாளுக்கென்று எடுத்து ஒட்டிய பொட்டுகள். அவரும் திரும்பிப் பார்த்தார். நெற்றியில் இருந்ததை நகத்தால் எடுத்தார். அடியில் வெளுப்பு உண்டா? மழை இருட்டில் தெரியவில்லை. எழுந்து பார்க்கத் துணிவும் இல்லை.

"சுதா இதுல ஒப்பு போட்டாச்சா?"
"இல்லை."

பேனாவை வாங்கினார். முதல் வரியை விட்டு இரண்டாவதில் கையெழுத்திட்டார்.
"மேல உள்ளது இங்க வாற பிள்ளைக்கு."