கீரைத் தண்ணியைத் தேடாதீங்க

என்னங்க, உங்க ரத்தத்துல பொட்டாசியம் மறுபடியும் ஏறிடுச்சு. ரிசல்ட்டை எடுத்துக்கிட்டு தருமபுரி டாக்டர்கிட்ட ஓடுறேன்.

சோறு அடுப்பு மேல இருக்கு. முருங்கைக்கீரையை வேகவெச்சு வடிச்சிட்டேன். கொஞ்சமா ஒரு கை மட்டும் போட்டுக்குங்க. தண்ணியை வாழைக்கு ஊத்திட்டேன், தேடாதீங்க. "சத்தெல்லாம் தண்ணியிலதான் இருக்குது"ன்னு நேத்தும் மிளகு தூவிக் குடிச்சீங்களே, அந்தச் சத்துதாங்க பொட்டாசியம்! உங்க கிட்னியால அதை வெளிய தள்ள முடியல. நெஞ்சே நின்னுடும்னு டாக்டர் சொன்னது மறந்துடுச்சா?

முருங்கை மரத்தை வெட்ட ஆண்டி அண்ணன் வருவார். தடுக்காதீங்க, கும்பிடுறேன். பின்கதவு சாவி ஜன்னல்ல இருக்கு.

கேத்தரின்

இன்னொண்ணு. நேத்து ஆத்திரத்துல "குடிச்சே சாவுங்க"ன்னு கத்திட்டேன். கட்டிக்கிட்ட நாள்ல இருந்து என் பேச்சை நீங்க கேட்டதே இல்ல. இதையும் கேக்காதீங்க.