ஏழாம் வினாவுக்கு ஆறு மதிப்பெண்

மார்ச் 4, செவ்வாய்

நகராட்சிக் கூட்டம் நான்கு மணிக்கு முடிந்தது. செய்தியை எழுதிக் கொடுத்துவிட்டு ஆறு மணி வகுப்புக்கு ஓடினேன். மூன்றாவது மாடி, ஜன்னலோர பெஞ்ச். பிள்ளைகளுக்கெல்லாம் இருபது, இருபத்தொரு வயது. நான் உள்ளே வந்தால் ஆசிரியர் என்று நினைத்து யாராவது ஒருவர் இன்னமும் எழுந்து நிற்கிறார்.

நிலவரத்தைச் செய்தி போல ஒருமுறை எழுதி வைக்கிறேன். ஜூன் 30-உடன் எங்கள் பத்திரிகை நிருபர்களைப் பாதியாகக் குறைக்கிறது. மிஞ்சுபவர்கள் தரவுப் பிரிவுக்குப் போவார்கள். அதற்கு இந்த மாலைக் கல்லூரியின் சான்றிதழ் வேண்டும். ஐந்து தாளில் நான்கைத் தாண்டிவிட்டேன். பாக்கி தனிநிலைக் கணிதம். டிசம்பரில் 29 வாங்கினேன். தேற 40. மே மாதத் தேர்வுதான் எனக்குக் கடைசி. வயது 51. இருபத்தெட்டு வருடம் நிருபர் வேலை. வேறு எதுவும் தெரியாது.

மார்ச் 13, வியாழன்

போன வாரம் கணித மேடம் ஒரு கேள்வி கொடுத்தார். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கு, அந்த எண்ணையே அதோடு கூட்டு, பிறகு 41-ஐக் கூட்டு. எப்போதும் பகா எண்தான் வருமா? ஒன்றிலிருந்து முப்பத்திரண்டு வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் பகா எண். 'ஆம், உறுதி' என்று எழுதி நீட்டினேன்.

மேடத்துக்கு முப்பது வயதுகூட இருக்காது. நிதானமாகப் படித்தார். "முப்பத்திரண்டு சாட்சி கொண்டுவந்திருக்கீங்க சார். நாற்பதாவது ஆளை யாரு விசாரிக்கிறது?"

நாற்பதைப் போட்டார். 1681. நாற்பத்தொன்றை நாற்பத்தொன்றால் பெருக்கினால் வருவது.

பக்கத்தில் லென்ஸ். எங்கள் புகைப்படக்காரன், என்னோடு சேர்ந்து மாட்டிக்கொண்டவன். "எங்க ஆபீஸ்ல ரெண்டு பேர் சொன்னாலே முதல் பக்கம், மேடம்" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். வீடு வரும் வரை காது சுட்டது.

மார்ச் 27, வியாழன்

தொகுத்தறிதல். ஒரு கூற்று k-க்கு உண்மை என்று வைத்துக்கொள், அதைக் கொண்டு அடுத்த எண்ணுக்கும் உண்மை என்று காட்டு என்கிறார். நிரூபிக்க வேண்டியதையே உண்மை என்று வைத்துக்கொள்வதா? இதை ஒரு அமைச்சர் செய்தால் கிழித்திருப்பேன். கையைத் தூக்கிக் கேட்டேன். மேடம் மூன்று முறை விளக்கினார். மூன்றாவது முறை புரிந்ததுபோல் தலையாட்டினேன். அந்தப் பிள்ளைகளுக்குப் பிடிக்க வேண்டிய பஸ் இருந்தது.

ஏப்ரல் 9, புதன்

ஒன்றும் ஏறவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

மனைவி மருந்துக்கடையிலிருந்து வந்தபோது நான் சமையலறை மேசையில் புத்தகத்தோடு இருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்திருந்தது. இரண்டடி தூரம். எனக்கு வாசனைகூட வரவில்லை.

"என்னங்க, வீடு எரிஞ்சாலும் சூத்திரம் எழுதிட்டு இருப்பீங்களா?"

"புரியலம்மா. ஒரு எழவும் புரியல."

அவள் பாத்திரத்தை ஊறப் போட்டுவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். "எனக்குச் சொல்லிக் குடுங்க. எனக்குப் புரிஞ்சா உங்களுக்குப் புரிஞ்ச மாதிரி."

பத்து நிமிடம் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்விக்கே பதில் இல்லை. கத்திவிட்டேன். அவள் எழுந்து போய்ப் பாத்திரத்தைத் தேய்த்தாள். ரொம்ப நேரம் தேய்த்தாள்.

என்ன மனுஷன் நான்?

ஏப்ரல் 25, வெள்ளி

செய்தி ஆசிரியர் மாடிப்படியில் நிறுத்தினார். "பாஸ் பண்ணிடுவீங்கல்ல? பட்டியல் கேக்கறாங்க. உங்க பேரை பென்சில்ல எழுதி வெச்சிருக்கேன்."

பென்சிலாம்.

மே 2, வெள்ளி

பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது தொகுத்தறிதல் பிடிபட்டது. k-க்கு உண்மை என்று அது சொல்லவே இல்லை. உண்மையாக இருந்தால் என்கிறது. அந்த 'இருந்தால்' மேல் எவ்வளவு பாரம். இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து திரும்பினேன். ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். வீட்டில் அடுத்த பாடத்தைத் திறந்தேன். போயிற்று.

மே 12, திங்கள்

தேர்வு. மூன்று மணி நேரம். இரண்டாவது பக்கத்தில் பேனா காகிதத்தைக் கிழித்தது. தொகுத்தறிதல் கேள்வியில் முதல் படியை எழுத மறந்தது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. மூன்றாவது கேள்வியைத் தொடவே இல்லை.

ஏழாவது ஒன்றுதான் நிம்மதி. ஓர் அறையில் நூறு பேர். அவருக்கு இவரைத் தெரிந்தால் இவருக்கும் அவரைத் தெரியும். அதே அறையில் எத்தனை பேரைத் தெரியும் என்று ஒவ்வொருவரையும் கேட்டால், ஒரே எண்ணிக்கையைச் சொல்லும் இருவர் கட்டாயம் இருப்பார்கள் என்று நிறுவ வேண்டும். பிழைப்பே அப்படிப்பட்ட அறைகளில்தான். தயங்காமல் எழுதினேன்.

ஜூன் 3, செவ்வாய்

38.

லென்ஸுக்கு 61. அவன் என்னிடம் சொல்லாமல் மறைத்தான். பலகையில் நானே பார்த்தேன். "அண்ணே, மறுபார்வைக்குப் போடுங்க. ரெண்டு மார்க்குதானே, எங்கயாவது ஒளிஞ்சிட்டிருக்கும்" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

ஜூன் 6, வெள்ளி

விண்ணப்பம் கொடுத்தாயிற்று. மதிப்பெண்ணுக்காக அலுவலகக் கதவில் நின்றவர்களைப் பற்றி நான் எழுதிய செய்திகள் எத்தனை? அந்த வரிசையில் இன்று ஒன்பதாவது ஆள் நான். யாராவது தெரிந்தவர் பார்த்துவிடுவார்களோ என்று குடையை விரித்துப் பிடித்தேன். மழை இல்லை.

மனைவியிடம் 38 என்று இன்னும் சொல்லவில்லை. முடிவு வரவில்லை என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மேடத்தின் அறை. திருத்தியது வெளியூர் ஆசிரியர். மேடம் விடைத்தாளை இப்போதுதான் பிரித்தார். பதினான்காம் பக்கம் முந்தைய பக்கத்தோடு ஒட்டியிருந்தது. பிரித்தால் ஒன்பதாம் வினா, சிவப்பு மையே படாமல். படித்து நான்கு மதிப்பெண் போட்டார். 42.

எனக்கு அழுகை வந்தது. மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். "முழுசா ஒரு தடவை பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க சார். விட்டுப்போன பக்கத்தை மட்டும்தான் நான் பாக்கலாம், மத்ததைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்ல. நீங்களா ஏதாவது சொன்னாதான் மேல அனுப்ப முடியும்."

அச்சுக்குப் போகும் முன் படிப்பதுபோல ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பழக்கம். வேகமாகப் புரட்டியிருக்கலாம். ஏழாம் வினாவில் நின்றேன். ஆறுக்கு ஆறு. என் கையெழுத்தில் இப்படி இருந்தது: 'ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஒருவரைத் தெரியும், அதிகம் போனால் 99 பேரை. ஆக 99 எண்களே உண்டு, ஆட்கள் நூறு.'

குறைந்தது ஒருவர். யார் சொன்னது?

யாரையும் தெரியாத ஒருவர் அந்த அறையில் இருக்கலாம். அப்போது பூஜ்யமும் சேர்ந்து எண்கள் நூறு, ஆட்கள் நூறு. நான் எழுதிய நிரூபணம் அங்கே நொறுங்கிவிடும். என் தொழிலில் அப்படி ஓர் ஆளைக் கண்டதே இல்லை. நான் நுழைகிற அறையில் யாருக்காவது யாரையாவது தெரிந்துதான் இருக்கும். அதனால்தான் விட்டேன். திருத்தியவரும் விட்டார். ஒரு சாத்தியத்தை விட்டால் பாதி மதிப்பெண் போகும் என்பது மேடத்தின் விதி. 42-ல் மூன்று போனால் 39.

"எல்லாம் சரியா இருக்கா சார்?"

பேனா கையில் இருந்தது. வெளியே யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"சரியா இருக்கு மேடம்."

கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 11, புதன்

42 என்று மனைவியிடம் சொன்னேன். என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, கடைக்குக் கிளம்பும்வரை பாடிக்கொண்டே இருந்தாள்.

ஜூன் 30, திங்கள்

பதினோரு பேருக்கு இன்று கடைசி நாள். நீதிமன்றச் செய்திக்காரர் மேசையைக் காலி செய்தார். என்னைவிட நல்ல நிருபர். ஒரு பெயரைக்கூடத் தப்பாக எழுதியவரில்லை. இந்தப் படிப்பில் சேரவே மாட்டேன் என்று சொன்னவர். "நீயாவது தப்பிச்சியேடா" என்று தோளை அழுத்தினார். பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

ஜூலை 1, செவ்வாய்

புதிய பிரிவு. ஏழாவது நாற்காலி என்னுடையது. நிறைய எண்கள்.

ஜூலை 5, சனி

ஏழாம் வினாவைச் சரியாக எழுதிவிட்டேன். யாரையும் தெரியாத ஒருவர் இருந்தால், மற்ற எவருக்கும் 99 பேரைத் தெரிந்திருக்க முடியாது. பூஜ்யம் வந்தால் 99 போய்விடும். எப்படிப் பார்த்தாலும் 99 எண்கள்தான், ஆட்கள் நூறு. பதினொரு வரி. அழகாக இருக்கிறது. இதை யாரிடம் கொடுப்பது?

லென்ஸிடம் காட்டினேன். "பாஸ் ஆயாச்சு. இன்னும் எதுக்குண்ணே இதை நோண்டுறீங்க?"

ஜூலை 11, வெள்ளி

மேடம் தொலைபேசியில். "புதுசா சேர்ந்தவங்கள்ல உங்க வயசுக்காரங்க மூணு பேர் இருக்காங்க சார். ரொம்ப பயப்படறாங்க. வியாழக்கிழமை வந்து ஏதாவது ஒரு கணக்கைப் போர்டுல போட்டுக் காட்டுங்களேன். அந்த ஏழாவதையே போடுங்க, அதுலதானே உங்களுக்கு முழு மார்க்."

வருகிறேன் என்றேன். உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். விட்டுப்போனபடியே போர்டில் எழுதினால் யாருக்கும் தெரியாது. அந்த மூன்று பேரும் அப்படியே எழுதிக்கொள்வார்கள்.

ஜூலை 17, வியாழன்

விடைத்தாளில் விட்ட பூஜ்யத்திலிருந்து தொடங்கி எழுதினேன். மேடம் கடைசி பெஞ்சில் விடைத்தாள் கட்டு ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தார். இரண்டாவது வரியில் நிமிர்ந்தார். பேனாவை மூடி வைத்தார். கடைசி வரி வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்று பேரும் எழுதிக்கொண்டார்கள். நான் போர்டைத் துடைக்காமல் இறங்கி வந்தேன்.