கொழும்புக்குப் போன தண்ணீர்

சுருவில்,
23. 09. 1979.

அன்பு மகன் சில்வெஸ்ரருக்கு,

தேவமாதாவின் தயவால் சுகமாயிருக்கிறேன். நீயும் மருமகள் கத்தரீனாவும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். அவளுடைய இருமலுக்குக் கொடுத்துவிட்ட பனங்கற்கண்டு கிடைத்ததா என்று நீ எழுதவில்லை. குசினிக் கூரைக்கு ஓலை மாற்றியாயிற்று. இந்தச் செய்திகளோடு கடிதத்தை முடித்துவிடப் பார்த்தேன். மனம் விடவில்லை.

நீ மாற்றலாகிப் போன பிறகு, உன் இடத்துக்கு இறால் கொம்பனி அனுப்பிய இலட்சுமணன் போன திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தான். மரியாதையான பிள்ளை. சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே ஏறினான். இறால் அவித்த உப்புத்தண்ணீரை வெயிலில் வற்றவிடுகிற குளத்தைச் சுற்றி, மாதாமாதம் தண்ணீர் எடுத்துக் கசிவு பார்ப்பதற்கென்று நிலத்தில் இறக்கிய இரும்புக் குழாய்கள் இருக்கின்றனவே, அவற்றின் மூடியைக் கழற்றும் சாவி உன்னிடம்தான் இருந்தது என்று கொம்பனியில் சொன்னார்களாம். உன் அலுமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டில் கிடந்தது. கடையில் சுற்றிக் கொடுத்த எண்ணெய்க் கடுதாசி பிரிக்கப்படவில்லை. கட்டிய நூலும் அவிழவில்லை.

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. வேறொரு சாவி வைத்திருந்திருப்பாய் என்று எண்ணினேன். என் மகனுடைய வேலையின் ஒழுங்கைப் புதியவன் பார்க்கட்டும் என்ற பெருமையில், குடையை எடுத்துக்கொண்டு நானும் கூடவே போனேன். பள்ளத்து வளவுப் பிலோமினம்மாவும் வேறு சில பெண்களும் எங்கள் பின்னால் வந்தார்கள்.

மூடிகள் அசையவே இல்லை. துரு மூடியையும் குழாயையும் ஒன்றாக்கியிருந்தது. பூட்டிய நாளில் பூசிய சிவப்புப் பூச்சு பொருத்தின்மேல் கீறல்கூட விழாமல் இருந்தது. "இதை ஒருத்தரும் ஒருநாளும் திறக்கேல்லை, அம்மா" என்று இலட்சுமணன் என் முகத்தைப் பாராமல் சொன்னான். சுத்தியலால் அடித்துத்தான் கழற்றினான். ஊர்ப்பக்கத்துக் குழாயிலிருந்து அழுகிய இறாலின் மணம் எழும்பியது. குளத்தின் அடியில் விரித்த கறுப்பு விரிப்பு எங்கேயோ கிழிந்திருக்கிறதாம். எப்போது கிழிந்தது என்று யாராலும் சொல்ல முடியாதாம்.

வீட்டுக்கு வந்து கிணற்றடியைப் பார்த்தபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை வருவாய். மீன்குழம்போடு சோறு சாப்பிடுவாய். பிறகு கிணற்றடியில் போத்தல்களைக் கழுவுவாய். நிரப்பித் தக்கை அடைத்ததையும் நான் கண்டேன், ஆனால் என் பிள்ளையிடம் கேள்வி கேட்க எனக்குத் தோன்றவில்லை. எங்கள் கிணறு குளத்துக்கு அப்பால் மேட்டில் இருப்பதால் அதன் தண்ணீர் இன்றும் இனிக்கிறது. அந்தத் தண்ணீரை நிரப்பிய போத்தல்களில்தான் குழாயின் பெயரை ஒட்டிச் சோதனைக்கென்று கொழும்புக்கு அனுப்பியிருக்கிறாய். வெயிலில் ஒரு மூடியைக் கழற்றுவது உனக்கு அவ்வளவு பாரமாக இருந்ததா?

பிலோமினம்மா மாசி மாதமே கோயில் முற்றத்தில் என்னிடம் வந்து, "அக்கா, கிணத்துத் தண்ணி கரிக்குது, பருப்பு அவியுதில்லை. தம்பியிட்டை ஒருக்கால் சொல்லுங்கோவன்" என்று கெஞ்சினாள். நான் எல்லோர் முன்னிலையிலும், "அவிக்கத் தெரியாட்டிக் கிணத்திலை பிழை சொல்லாதை. என்ரை மகன் மாதாமாதம் சோதிக்கிறவன்" என்று வெட்டிப் பேசினேன். மடத்துக் கன்னியர் எனக்குக் கற்றுத்தந்த நல்ல பேச்சு இதுவல்ல.

இப்போது படலையைத் திறந்தே வைத்திருக்கிறேன். கிணற்றுக்குப் புதுக் கயிறும் வாளியும் போட்டிருக்கிறேன். அவள் குடத்தோடு என் வாசலைக் கடந்து, நல்ல தண்ணீர் அள்ளப் புளியங்கூடலுக்கு நடக்கிறாள். நேற்று றோட்டுக்கே இறங்கிப் போய், "எங்கடை கிணத்திலை அள்ளன், பிள்ளை" என்றேன். அவள் நின்றாள். "உங்கடை தண்ணி திறம் எண்டு கொழும்புக்கே தெரியும், அக்கா. எங்கடை தண்ணியைத்தான் ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள். நீ எங்கள் கிணற்றில் போத்தல் நிரப்பியதை அவளும் கண்டிருக்க வேண்டும். கூட வந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என்னைப் பார்த்து இந்த ஊரில் யாரும் சிரித்ததில்லை, சில்வெஸ்ரர்.

சிரிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். மழை பொறுக்காது. ஐப்பசியில் மழை விழுந்து குளம் நிரம்பினால், மிச்சமிருக்கும் கிணறுகளும் கெட்டுப்போகும், அதற்கு முன்னரே குளத்தை வெறுமையாக்க வேண்டும் என்று இலட்சுமணன் சொல்கிறான். கொம்பனியார் அசைகிறார்களில்லை. இத்தனை காலமும் நல்லதாக இருந்த தண்ணீர் ஒரு சோதனையில் கெட்டதாகுமா, மாரி கழியட்டும், பார்ப்போம் என்கிறார்களாம். பழைய சோதனைகள் பொய் என்று, அவற்றுக்குத் தண்ணீர் அனுப்பியவனே சொன்னால்தான் கேட்பார்களாம்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் கூட்டம். கொம்பனி மனேச்சரையும் பங்குச் சுவாமி அழைத்திருக்கிறார். நீ வா. உத்தியோகம் போகும் என்று எனக்குத் தெரியும். கத்தரீனாவையும் கூட்டிக்கொண்டு இங்கேயே வந்து இருங்கள். எனக்கு இருப்பது உங்களுக்கும் போதும். சனிக்கிழமை யாழ்ப்பாணத்து பஸ் வரும்போது நான் றோட்டடியில் நிற்பேன். முற்றத்தில் நீ பேசும்போதும் உன் பக்கத்தில்தான் நிற்பேன். தலையைக் குனிவதென்றால் இருவரும் சேர்ந்து குனிவோம்.

நீ வராவிட்டால் நான்தான் எழும்பிச் சொல்ல வேண்டும். சொல்லுவேன். உன் பெயரை இந்த ஊரில் எத்தனையோ தரம் நிமிர்ந்து நின்று சொன்னவள் நான். அதைத் தலை குனிந்து சொல்லும் நிலைக்கு என்னை விட்டுவிடாதே, தம்பி.

வழித்துணையாக மாதா உன்னோடு வருவாராக.

உன் அம்மா,
மதலேனா