ரோஸ் நிற மாத்திரையைத் திரும்பத் தரக் கோரி

அனுப்புநர்
க. பூவராகவன்,
பெயின்ட் பட்டறைத் தொழிலாளி,
காக்களூர், திருவள்ளூர் வட்டம்.

பெறுநர்
மருந்து வழங்கல் அதிகாரி அவர்கள்,
வட்டார மருந்து வழங்கல் அலுவலகம்.

பொருள்: காசநோய் மாத்திரையின் நிறம் மாற்றப்பட்டதால் என் மனைவி கனகாம்பாள் மருந்தை நிறுத்திவிட்டது – பழைய நிறத்தில் வழங்க வேண்டுவது.

பார்வை: எனது முந்தைய மனுவும், அதற்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இவ்வாண்டு தை மாதத்தில் தங்கள் அலுவலகம் வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவொன்றை எடுத்தது. காசநோய் மாத்திரையின் மேல் இருந்த ரோஸ் நிறப் பூச்சு இனித் தேவையில்லை என்பதே அது. கூட்டத்தில் கருத்து வேறுபாடு எதுவும் எழவில்லை என்றும், முடிவில் தேநீர் வழங்கப்பட்டது என்றும் அறிகிறேன். அன்று முதல் மாத்திரை வெள்ளை. உள்ளே இருக்கும் மருந்து அதேதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஐயம் என் மனைவிக்கு.

2. கனகாம்பாள் அரிசி ஆலைக் களத்தில் நெல் காயவைத்து வந்தவள். சென்ற ஆண்டு அவளுக்கு இருமலில் ரத்தம் கண்டது. ரோஸ் மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் ரத்தம் நின்றது; பசி எடுத்தது; தெருக்குழாயில் சண்டை போடும் அளவுக்குத் தெம்பும் வந்தது. இருமலில் போன சிவப்பை மாத்திரையின் சிவப்பு ஈடுசெய்கிறது என்று அவள் நம்பினாள். இதைவிடத் தெளிவாக வேறு எதையும் டாக்டர் அவளுக்கு விளக்கியதில்லை.

3. எங்கள் தெருவின் மருத்துவ அறிவையும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். சிவப்பு மருந்து ரத்தத்துக்கு. மஞ்சள் தெம்புக்கு, சாப்பிட்டால் சிறுநீரும் மஞ்சளாகப் போவதால் அதற்குச் சாட்சியும் உண்டு. வெள்ளை தலைவலிக்கு, பெட்டிக்கடையிலேயே கிடைக்கும். ஆகவே காசநோய்க்கு வெள்ளை மாத்திரை தருவது, இந்த நோயாளியை அரசாங்கம் கைவிட்டது என்பதற்கான அறிவிப்பாகும்.

4. கம்பவுண்டர் சின்னதுரை வெள்ளை மாத்திரையை நீட்டியபோது கனகாம்பாள் வாங்க மறுத்தாள். "இன்னாம்மா, கலரையா முழுங்கப் போற? மருந்தத்தானே?" என்றார் அவர். "தலவலி மாத்திரையக் குடுத்து என்ன ஊட்டுக்கு அனுப்பாதண்ணே. சாவப் போறேன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடு" என்றாள் இவள். பின்னால் வரிசையில் நின்ற விக்டோரியா என்ற பெண், "குடுக்கறத வாங்கிக்கினு நகரு தாயே, எனுக்கு பஸ்ஸு பூடும்" என்று இடித்ததால் பொட்டலம் வீடு வரை வந்தது. வாய் வரை போகவில்லை.

5. எனது முந்தைய மனுவுக்கான பதிலில், "நிறம் மாறினும் குணம் மாறவில்லை" என்று தெரிவித்திருந்தீர்கள். அழகான வாக்கியம். அவளுக்கு இருமுறை படித்துக் காட்டினேன். "ரெண்டும் ஒண்ணுன்னா அந்தாளு ஏன் மாத்துனாரு?" என்று கேட்டாள். இதற்கான விடை தங்கள் பதிலில் இல்லை.

6. ஆகவே நானே நடவடிக்கையில் இறங்கினேன். எங்கள் பட்டறையில் ஒரே வெள்ளைப் பெயின்டில்தான் எல்லா நிறங்களையும் கலக்கிறோம். அந்த அனுபவம் எனக்கு உண்டு. பட்டறைச் சாயம் வயிற்றுக்கு ஆகாது என்பதால், சிவப்புக் கேசரிப் பவுடரைக் கரைத்து, மாத்திரைகளை லேசாகத் தோய்த்து, முறத்தில் உலர்த்தினேன். பழைய மாத்திரையே வந்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன். சாப்பிட்டாள். இருமல் தணிந்தது. மீண்டும் தெருக்குழாய்க்குப் போனாள். தங்கள் அலுவலகத்தின் முடிவை ஒரு முறத்தைக் கொண்டு ரத்து செய்துவிட்டதாக நான் எண்ணியிருந்தேன்.

7. ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, மாத்திரை டப்பாவுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. காலையில் அவள் திறந்தபோது கை சிவப்பாகவும் மாத்திரை வெள்ளையாகவும் இருந்தன. "மாத்திரைக்கு மேக்கப் போட்டா கொண்டாந்துக்கினு இருந்தே? டாக்டரு வேற இன்னாய்யா சொன்னாரு? அதுக்கு இன்னாத்தப் பூசி மறைச்சு எங்கிட்ட சொன்னே?" என்று கேட்டாள். டாக்டர் வேறு எதுவும் சொல்லவில்லை. அதை அவள் நம்பும்படி செய்ய என்னால் இயலவில்லை. அன்று முதல் மாத்திரையைத் தொடுவதில்லை; என் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. ஊத்துக்கோட்டைச் சந்தையில் ஒருவர் போடும் சிவப்பு ஊசிக்கு பஸ் ஏறிப் போய்வந்தாள். அது ரத்தமே ஏற்றும் ஊசியாம். அவர் நிறத்தில் சிக்கனம் பார்ப்பதில்லை. இருமலில் மீண்டும் ரத்தம் வருகிறது. இப்போது பஸ் ஏறவும் முடிவதில்லை.

8. நிறம் என்பது அற்ப விஷயம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அற்ப விஷயத்தை அப்படியே விட்டிருக்கலாம் என்பது என் பணிவான கருத்து. பழைய ரோஸ் மாத்திரையை, தங்கள் அலுவலக முத்திரையிட்ட உறையில், சின்னதுரை கையாலேயே அவளிடம் கொடுக்க ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். என் மூலம் அனுப்பிப் பயனில்லை. இம்மனுவுக்கும் தாங்கள் தவறாமல் பதில் எழுதுவீர்கள் என்பதை அறிவேன். பதில் வேண்டாம் ஐயா. மாத்திரை வந்தால் போதும்.

இடம்: காக்களூர்
நாள்: 2-12-1974

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) க. பூவராகவன்

பின்குறிப்பு: இம்மனுவைத் தபாலில் சேர்க்கும் முன், வெள்ளிக்கிழமை காலை கனகாம்பாள் காலமானாள். விவரம் அறியாத சின்னதுரை, சனிக்கிழமை அவளுடைய இம்மாதப் பொட்டலத்தை வீட்டுக்கே கொண்டுவந்தார். வெள்ளை இருப்பு தீர்ந்துவிட்டதால், கிடங்கில் மீதமிருந்த ரோஸ் மாத்திரை வந்திருப்பதாகத் தெரிவித்தார். பொட்டலத்தைப் பிரிக்காமல் இத்துடன் இணைத்துள்ளேன்.