சம்பந்தி வயலின் மஞ்சள் செடிகள்

மார்ச் 4, செவ்வாய்

சம்பந்தியின் உளுந்தில் மஞ்சள் தேமல் நோய் விழுந்துவிட்டது. அவர் வயலுக்கும் என் வயலுக்கும் நடுவே ஒரு வரப்புதான். நான் போட்டிருப்பது விதை உளுந்து. அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் தெரிந்தால் விதை ஆய்வாளர் விட்டுவிடுவார். அதற்கு மிஞ்சினால் விதை என்ற பேரே போய்விடும். அப்புறம் பருப்பு மில்காரன் கேட்கிற விலைக்குத் தள்ள வேண்டியதுதான். இந்த வருஷ உழைப்பு மொத்தமும் அதில் நிற்கிறது.

மார்ச் 5, புதன்

மருந்துக் கடைக்காரன் சம்பந்தியின் தலையில் ஒரு டப்பாவைக் கட்டிவிட்டான். இரும்புச் சத்துக் குறைவாம்! இலை முழுக்க மஞ்சள் திட்டு. செடியைத் தட்டினால் வெள்ளை ஈ மாவு பறந்த மாதிரி எழும்புகிறது. இது வைரஸ். நோயுள்ள செடியில் உறிஞ்சிய ஈ நல்ல செடியில் கொண்டுபோய் ஏற்றுகிறது. ஈயைக் கொல்லலாம், நோய் வந்த செடிக்கு மருந்தே இல்லை, பிடுங்கத்தான் வேண்டும். கடைக்காரனுக்கு இது தெரியாதா? தெரியும். பிடுங்கச் சொன்னால் டப்பா போகாதே. நானும் தானியக் கடை வைத்திருக்கிற வியாபாரிதான். ஆனால் மண்ணை மூட்டை கட்டி உளுந்து என்று விற்றதில்லை.

மார்ச் 7, வெள்ளி

சம்பந்தி வீட்டுக்குப் போனேன். பக்குவமாகத்தான் ஆரம்பித்தேன்.

"மஞ்சளா நிக்கறதை மட்டும் பிடுங்கிடலாமே, சம்பந்தி? ஆளு நான் அனுப்பறேன்."

"பிடுங்கிட்டா விவசாய ஆபீசர் வந்து எதைப் பாப்பாரு? நிவாரணம் வேணும்னா செடி நிக்கணும்ல."

நோயைக் காட்சிக்கு வைத்திருக்கிறார் மனுஷன்! போன வருஷமும் பாதிப் பேர் இப்படித்தான் செத்த செடிக்குக் காவல் இருந்தார்கள். ஆபீசர் வரவில்லை. ஈ வந்தது.

மகளைக் கொடுத்த வீடு. பல்லைக் கடித்துக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 8, சனி

என் பக்கம் வரப்போரம் ஏழெட்டுச் செடி மஞ்சள். பிடுங்கி எரித்தாயிற்று.

மார்ச் 10, திங்கள்

என் பேச்சுக்கு மரியாதை கொடுத்தாராம் — ஒரு மூலையைப் பிடுங்கிவிட்டார். பிடுங்கியதை என்ன செய்தார்? வரப்பு மேலேயே குவித்து வைத்திருக்கிறார். ஆபீசர் பார்க்க வசதியாக! செடி வாடினால் ஈ உட்கார்ந்து துக்கம் விசாரிக்குமா? பச்சையைத் தேடிப் பறக்கும். பக்கத்துப் பச்சை எது? என்னுது! அந்த மனுஷன் மண்டைக்குள்ள என்னதான் இருக்கு?

வீட்டில் கத்தினேன். "மெதுவா பேசுங்க, பொண்ணு அங்க வாழுறா" என்றாள் மனைவி.

மார்ச் 11, செவ்வாய்

மகளே என் கடைக்கு வந்துவிட்டாள்.

"மாமா பிடுங்க விடுவாருப்பா. ஆனா சும்மா இல்ல."

"அவரு அனுப்பினாரா?"

"யாரும் அனுப்பல. ஆபீசர் வரமாட்டாருன்னு அவருக்கும் தெரியும். உங்ககிட்ட தோத்த மாதிரி ஆகக்கூடாது, அவ்வளவுதான். உங்க விளைச்சல்ல பங்கு குடுங்க."

"நோயை வளர்த்ததுக்குப் பங்கா? நீ எந்தப் பக்கம்டீ?"

"நானா? வரப்பு மேல நிக்கறேன்."

அந்த வீட்டில் மூளையுள்ள ஒரே ஆள் நான் அனுப்பி வைத்த ஆள்தான்.

மார்ச் 13, வியாழன்

வெயில் ஏறுமுன், ஈ மந்தமாக இருக்கும்போதே வேலையை ஆரம்பித்தோம். ஒவ்வொரு மஞ்சள் செடியையும் சாக்கால் மூடிப் பிடுங்கி அப்படியே குழிக்குள் போட்டு எரித்தோம். வரப்பில் கிடந்த குவியலும் போயிற்று. எங்களுக்கு முன்னாலேயே சம்பந்தி சாக்கும் கையுமாக நிற்கிறார்! தன் வயல் முடிந்ததும் என் வயலுக்குள் இறங்கிவிட்டார்.

"என்ன சம்பந்தி, அந்த மூலையில ஒண்ணு மஞ்சளா நிக்குது, கண்ணு தெரியலையா? ஆய்வாளர் வந்தா என்ன ஆகறது?"

எனக்குப் பாடம் எடுக்கிறார்.

நேற்றுப் பேசும்போது மூன்றில் ஒரு பங்கு கேட்டார். முடிந்தது இப்படி: பிடுங்கும் கூலியும் இரண்டு வயலுக்கும் ஈ மருந்தும் என் செலவு. அவர் பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தார் என்று ஊருக்குள் நானே சொல்ல வேண்டும். ஆய்வாளர் ஒப்புக்கொண்டால் விதையில் ஐந்து மூட்டைக்கு ஒரு மூட்டை அவருக்கு. தள்ளிவிட்டால் ஒரு மணிகூடக் கிடையாது.